பர்கர் கம்பெனிச் செய்தியில் சேலத்துக்கு என்ன இருக்கிறது?

ஆண்டுக்கு நான்கு முறை, காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரங்களில், பீட்சா, பர்கர், பொரித்த கோழி விற்கும் கம்பெனிகள் வணிகப் பக்கங்களை நிரப்பிவிடும். லாபம் கூடியது, லாபம் சரிந்தது, நூறு கடை திறக்கப் போகிறோம், பங்கு மூன்று சதவீதம் ஏறியது. இதெல்லாம் செய்திதானா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. பிரித்துப் பார்க்க ஒரு அளவுகோல் போதும்: இந்த வரியைப் படித்த பிறகு சேலம் மாவட்டத்தில் யாராவது ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? மரவள்ளிக் கிழங்கு போட்டவர், காப்பித் தோட்டக்காரர், மெயின் ரோட்டில் கட்டடம் வைத்திருப்பவர், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பணம் கட்டுகிறவர், இவர்களில் ஒருவருக்காவது?

இப்படி அளந்தால், அச்சாகிறவற்றில் பெரும்பகுதி தேறாது. தேறுகிற சிறுபகுதியையும் எழுதுகிற விதத்திலேயே பாழாக்கிவிடுகிறார்கள். அந்தச் சிறுபகுதியைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தேறாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஐந்து ரோட்டிலோ சாரதா கல்லூரிச் சாலையிலோ ஒரு புதுக் கடை திறக்கிறது என்று வையுங்கள். ரிப்பன் வெட்டும் படம், கம்பெனி அனுப்பிய குறிப்பு, முதல் நாள் சலுகை. விளம்பரத்தை வாசகர் செய்தியிலிருந்து பிரித்தறியும்படி வெளியிட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. படத்துக்கு மேல் 'விளம்பரம்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் குறையில்லை. அதையே செய்தியாக்க நினைக்கும் நிருபர் கேட்க வேண்டியவை வேறு: எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள், நேரடி ஊழியர்களா கான்ட்ராக்டா, பிஎஃப் பிடிக்கிறார்களா, வண்டி நிறுத்த இடம் எங்கே, பொரித்த எண்ணெய் கடைசியில் யார் கைக்குப் போகிறது.

எண்ணெய்க் கேள்வி ஒன்றே முழுச் செய்திக்குத் தாங்கும். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் இடங்கள் பதிவேடு வைக்க வேண்டும். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மசாலாக் கோழி போட்ட எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிடும். உருளைக்கிழங்கு மட்டும் போட்ட எண்ணெய் வெளிறிய நிறத்தோடே அளவைத் தாண்டியிருக்கலாம். உணவிலிருந்து இறங்கும் தண்ணீர், அடியில் தங்கிக் கருகும் மாவுத் துகள், இடைவிடாத சூடு என்று எல்லாம் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. சூடான எண்ணெயிலேயே விட்டு அளக்கும் கைக்கருவி இருக்கிறது. கழித்த எண்ணெய் பயோடீசல் ஆலைக்குப் போகிறதா, மலிவு விலையில் இன்னொரு கடையின் வாணலிக்குப் போகிறதா என்பதைப் பதிவேட்டைக் கேட்டால் தெரிந்துவிடும். இப்படி ஒரு செய்தி வந்தால் தட்டுவடை செட் கடைக்காரரும் படிப்பார், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவரும் படிப்பார்.

இனி காலாண்டு முடிவுகள். செய்தியாகத் தேறுவது இதில்தான் அதிகம், கெடுவதும் இதில்தான். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், ஆண்டு முடிவு என்றால் 60 நாளுக்குள், கணக்கைப் பங்குச் சந்தையில் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாளையும், முதலீட்டாளர்களுக்கான விளக்கப் படத்தொகுப்பையும், பிறகு நடக்கும் கேள்வி-பதில் உரையாடலின் எழுத்து வடிவத்தையும் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். செய்தி ஏஜென்சி அனுப்பும் நாலு பத்தியில் இதில் பத்தில் ஒரு பங்கு கூட வருவதில்லை.

டோமினோஸ் கடைகளை இந்தியாவில் நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸை எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அதன் ஒருங்கிணைந்த வருமானம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதல். தலைப்புக்கு ஏற்ற எண். ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் துருக்கியில் டோமினோஸ் நடத்தும் டிபி யூரேசியா அதன் கைக்கு வந்திருந்தது. வாங்கிய கம்பெனியின் விற்பனை முழுவதும் 'வளர்ச்சி' என்ற பெயரில் கூடி நிற்கிறது. இந்தியத் தொழிலை மட்டும் காட்டும் தனிக் கணக்கில் உயர்வு சுமார் 10 சதவீதம். அதிலும் புதுக் கடைகளின் விற்பனை கலந்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த கடைகளை மட்டும் ஒப்பிட்டால் கிடைத்தது சுமார் 3 சதவீதம். மூன்று எண்களும் உண்மை, மூன்றும் ஒரே நாளில் வெளியானவை. இந்தியாவில் மக்கள் பீட்சா கூடுதலாக வாங்குகிறார்களா என்ற கேள்விக்குப் பக்கத்தில் வருவது மூன்றாவது எண் மட்டுமே. அதை விட்டுவிட்டு முதல் எண்ணைத் தலைப்பாக்குவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

கடைவாரி ஒப்பீட்டு எண்ணைக் கம்பெனி தராதபோது நாமே போடும் கணக்கிலும் தவறு நேரும். உதாரணமாக, போன ஆண்டு முழுக்க 100 கடை, வருமானம் 100 கோடி. இந்த ஆண்டு முடிவில் 115 கடை, வருமானம் 110 கோடி. 110-ஐ 115-ஆல் வகுத்துவிட்டு 'கடைக்குக் கடை 4 சதவீதத்துக்கு மேல் சரிவு' என்று எழுதிவிடுவார்கள். அந்த 15 கடையும் ஏப்ரல் முதல் தேதியே திறக்கவில்லையே. ஆண்டு முழுக்கச் சீராகத் திறந்ததாக வைத்தால் சராசரி 107.5 கடை; அப்போது கடைக்கு 2.3 சதவீத உயர்வு வருகிறது. இனி விலையேற்றத்தைக் கழிக்க வேண்டும். மெனு விலையை 4 சதவீதம் ஏற்றியிருந்தால், விற்ற பண்டத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் குறைந்திருக்கிறது. சரிவு என்பது கடைசியில் சரிதான். ஆனால் எவ்வளவு, எதனால் என்பது முழுக்க மாறிவிட்டது.

அடுத்த பள்ளம் வாடகை. 2019 ஏப்ரல் முதல் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதி நடப்பில் இருக்கிறது. நீண்டகாலக் குத்தகைக்குக் கட்டும் நிலையான வாடகையைச் செலவுக் கணக்கில் நேராக எழுதாமல், தேய்மானம், வட்டி என்று பிரித்துக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். மாதம் 20 லட்சம் விற்கும் கடையில், வாடகை தவிர்த்த செலவெல்லாம் போக 4 லட்சம் மிஞ்சுகிறது, வாடகை 2 லட்சம் என்றால், பழைய முறையில் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) 10 சதவீதம். புதிய முறையில் அதே கடை, அதே பணம், 20 சதவீதம். விற்பனையில் பங்கு என்று பேசிய வாடகை மட்டும் பழையபடி செலவிலேயே நிற்கும். ஆகவே ஒரே மாதிரி வியாபாரம் செய்யும் இரண்டு கம்பெனிகளின் மார்ஜினை, அதாவது விற்பனையில் லாபத்தின் பங்கை, அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. விளக்கப் படத்தொகுப்பில் 'இண்ட் ஏஎஸ் 116-க்கு முந்தைய' என்று ஒரு வரிசை பல கம்பெனிகள் தருகின்றன. அதைத்தான் எடுக்க வேண்டும். பிராண்ட் பெயரைப் பயன்படுத்தத் தாய்க் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டியும் கவனிக்க வேண்டியது. அது லாபத்தில் கணக்கிடப்படுவதில்லை, விற்பனையில் கணக்கிடப்படுகிறது. கடை நஷ்டத்தில் ஓடினாலும் தாய்க் கம்பெனிக்குப் போகிற பணம் நிற்காது.

இதையெல்லாம்விடச் சேலத்துக்காரர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'பண்டிகைக் கால மாற்றத்தால் விற்பனை பாதித்தது' என்று கம்பெனி சொல்லும் வரி அது. வட இந்தியாவிலும் மேற்கிலும் நவராத்திரி ஒன்பது நாளும் ஏராளமான வீடுகளில் கறி, கோழி கிடையாது. விரதம் இருப்பவர்கள் கோதுமையும் அரிசியும்கூடத் தொடமாட்டார்கள். கோழி விற்கும் கடைகளுக்கு அது மந்தமான காலம். நவராத்திரி சந்திர நாட்காட்டிப்படி வருவதால் காலாண்டு எல்லையைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். 2024-இல் அது தொடங்கியது அக்டோபர் 3. 2025-இல் செப்டம்பர் 22. எனவே 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் ஒன்பது விரத நாட்கள் விழுந்தன. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் ஒன்றுகூட இல்லை. 2023-இல் சந்திர நாட்காட்டியில் கூடுதலாக வரும் அதிக மாதமும் சேர்ந்து, மராட்டியத்தில் பலர் கறி தவிர்க்கும் சிராவணம் இரண்டு மாதம் நீண்டது. அந்தக் காலாண்டுகளில் கம்பெனி சொல்லும் விளக்கத்தில் நியாயம் இருக்கிறது.

நம் புரட்டாசி அப்படியில்லை. சூரிய மாதம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பாதியில் தொடங்கி அக்டோபர் பாதியில் முடிந்துவிடும். இரண்டு காலாண்டுக்கும் ஏறக்குறையப் பாதிப் பாதி. கறிக்கோழிப் பண்ணைகளில் அந்த மாதம் விலை இறங்குவது நாமக்கல்லிலும் பல்லடத்திலும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் போன ஆண்டும் அதே நாட்களில்தான் புரட்டாசி வந்தது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீட்டில் ஒரு கம்பெனி தென்னிந்தியச் சரிவுக்குப் புரட்டாசியைக் காரணமாகச் சொன்னால் ஏற்கக் கூடாது. ஜூலை–செப்டம்பரை அதற்கு முந்தைய ஏப்ரல்–ஜூன் காலாண்டோடு ஒப்பிடும்போது மட்டும் ஏற்கலாம்.

இதே விரதம் சேலத்தில் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. விரத நாட்களில் மராட்டியமும் குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் சாப்பிடுவது ஜவ்வரிசிக் கிச்சடி, ஜவ்வரிசி வடை. அந்த ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளிலிருந்து போவது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் டெண்டர் முறையில் விற்றுக்கொடுக்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரதம் முன்னாலேயே வரும் ஆண்டில் வடக்கத்தி வியாபாரிகளின் கொள்முதலும் முன்னால் நகரும். ஆலைக்காரர் எப்போது அரைக்க வேண்டும், 90 கிலோ மூட்டையை இருப்பு வைக்கலாமா, விவசாயி கிழங்கை இப்போதே பிடுங்கலாமா, இன்னும் ஒரு மாதம் விட்டு மாவுச்சத்து ஏறட்டும் என்று பொறுக்கலாமா என்பதெல்லாம் இதை ஒட்டியவை. கிழங்குக்கு விலை, டன் கணக்கோடு பாயின்ட்டையும், அதாவது மாவுச்சத்து அளவையும், பார்த்துத்தான். மழையில் பாயின்ட் இறங்கினால் அதே எடைக்குக் கைக்கு வரும் பணம் குறையும். பர்கர் கம்பெனி 'நவராத்திரி முன்னதாக வந்துவிட்டது' என்று மும்பையில் வருத்தத்தோடு சொல்லும் வரியை ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்கு விவசாயி வேறு கண்ணோடு படிக்கலாம். ஆனால் அந்த வரி தமிழ்ச் செய்தியில் வெட்டுப்படுகிறது. பங்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ஏற்காட்டிலும் இதே கதைதான். காப்பிக் கடைச் சங்கிலிகளின் முடிவுகளில் 'கொட்டை விலை உயர்வால் மார்ஜின் குறைந்தது' என்று வருவது சேர்வராயன் மலைத் தோட்டக்காரருக்கு வரவு பற்றிய தகவல். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிக்கா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத உச்சம். அதை ஏற்காட்டு மூட்டைக் கணக்குக்கு மாற்றுவது கடினமில்லை. ஒரு பவுண்டு 453.6 கிராம், டாலர் 87 ரூபாய் என்று வைத்தால் 4 டாலர் என்பது கிலோ சுமார் 767 ரூபாய். இது தோல் நீக்கிய பச்சைக் கொட்டைக்கு. தோட்டத்தில் விற்பது பார்ச்மென்ட் (உள்தோல் நீக்காத உலர்ந்த கொட்டை), 50 கிலோ மூட்டை; தோல் நீக்கினால் சுமார் 40 கிலோ தேறும். மூட்டைக்கு ஏறக்குறைய 30,700 ரூபாய் மேல்வரம்பு. அதிலிருந்து பதப்படுத்தும் கூலி, லாரி வாடகை, ஏற்றுமதியாளர் பங்கு, தரக் கழிவு போகும். மலைக்கு வந்து விலை பேசுகிறவர் இதைவிட வெகு கீழே சொன்னால் காரணம் கேட்கும் உரிமை தோட்டக்காரருக்கு உண்டு. ஸ்டார்பக்ஸ் இந்தியக் கடைகளுக்குத் தனிப் பட்டியல் இல்லை; டாடா கன்ஸ்யூமர் முடிவுகளுக்குள்தான் அதன் எண்கள் வரும். தேடுகிறவர்கள் அங்கே பார்க்கலாம்.

சரக்கு தட்டுப்படும்போது வரும் செய்தி எப்போதும் படிக்கத் தகுந்தது. 2023 ஜூலையில் வடக்கு, கிழக்கு மாநிலங்களில் மெக்டொனால்ட்ஸ் பல கடைகளில் தக்காளியை நிறுத்தியது. சென்னையில் அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி கொடுத்துக்கொண்டிருந்த அதே மாதம். பெரிய கொள்முதல் ஒப்பந்தங்கள் வைத்திருப்பவர்களுக்கே தரமான காய் கிடைக்கவில்லை என்றால், தலைவாசல் சந்தையில் மறுநாள் லோடு எடுக்கப் போகிறவருக்கு அது முன்னெச்சரிக்கை. பிரிட்டனில் 2018 பிப்ரவரியில் கேஎஃப்சியின் சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் கோழி இல்லாமல் மூடிக் கிடந்தன. கோழிக்குப் பஞ்சம் எதுவுமில்லை. விநியோக ஒப்பந்தத்தைப் புதுக் கம்பெனிக்கு மாற்றியதில், ஒரே கிடங்கிலிருந்து நாடு முழுக்க அனுப்ப முயன்று எல்லாம் தேங்கிவிட்டது. ஒரே குளிர்பதனக் கிடங்கை நம்பி முட்டையோ பாலோ அனுப்புகிற எவருக்கும் இது பாடம்.

வரிச் செய்தியும் அப்படியே. 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரி திரும்பி வராததால் அது நேராக அடக்க விலையில் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கு வரி 12-லிருந்து 5 ஆனபோது, வரிக்கு முன் கிலோ 400 ரூபாய் என்றால் 448-க்கு வாங்கியவர் 420-க்கு வாங்குகிறார். மிஞ்சும் 28 ரூபாய் மெனு விலையில் இறங்கியதா, மார்ஜினில் தங்கியதா? அதைக் கேட்டு எழுதினால் செய்தி. 2017 வரிக் குறைப்பின் பலனை முழுதாகக் கொடுக்கவில்லை என்று கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தும் ஹார்ட்காசில் மீது 7.49 கோடியும், ஜூபிலன்ட் மீது 41.42 கோடியும் கணக்கிட்டு உத்தரவிட்டது. ஜூபிலன்ட் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. கேள்வி புதியதல்ல.

பங்கு வெளியீட்டுச் செய்திக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பர்கர் கிங் இந்தியா 2020 டிசம்பரில் 60 ரூபாய்க்கு விற்ற பங்கு, பட்டியலான அன்றே இரு மடங்கைத் தாண்டி முடிந்தது. கம்பெனி அப்போது நஷ்டத்தில் இருந்தது, அது வெளியீட்டுத் தாளிலேயே இருந்தது. 2025-இல் அந்தப் பங்கு நூறு ரூபாய்க்குக் கீழே. முதல் நாள் பரபரப்பை எழுதியவர்கள் நஷ்டத்தையும் அதே பத்தியில் எழுதியிருக்க வேண்டும்.

மாவட்டப் பக்கத்தில் இடம் தர வேண்டிய இன்னொன்று பிரான்சைஸ் மோசடி. 'உங்கள் ஊரில் பீட்சா கடை, குறைந்த முதலீடு' என்று முகநூலில் விளம்பரம், அசல் போலவே இணையதளம், முதலில் விண்ணப்பக் கட்டணம், பிறகு என்ஓசி (தடையில்லாச் சான்று), பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். இதைத் தடுக்கும் தகவல் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஜூபிலன்ட் தன் டோமினோஸ் கடைகளைத் தானே நடத்துகிறது. தெற்கிலும் மேற்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்துவது வெஸ்ட்லைஃப் குழுமம். கேஎஃப்சிக்கு உரிமம் எடுத்து வளர்ந்தவை தேவயானி, சஃபையர் போன்ற பெரிய கம்பெனிகள். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவருக்குத் தனியாக ஒரு டோமினோஸ் கடை தருகிறோம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குக் கணக்கை முடக்கும் வாய்ப்பு.

கட்டடம் விடுகிறவர்கள் கதை இன்னும் நுணுக்கமானது. பெரிய கடைகளோடு பேசும் வாடகை பெரும்பாலும் 'குறைந்தபட்ச உத்தரவாதம் அல்லது விற்பனையில் பங்கு, எது கூடுதலோ அது'. பங்கு என்று வரும்போது எந்த விற்பனை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஸ்விக்கி, சொமேட்டோ வழியே போகும் பில்கள் அதில் சேருமா? தள்ளுபடிக்கு முன்னா பின்னா? மாதாமாதம் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? ஒப்பந்தம் பல ஆண்டுக்கு என்றாலும் கடைக்காரரைக் கட்டிப்போடும் லாக்-இன் காலம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு; அது முடிந்தால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். உரிமையாளர் முழுக் காலத்தின் வாடகையையும் நம்பி வங்கியில் கடன் வாங்கிச் சுவரை இடித்து, புகைபோக்கிக்குக் கூரையைத் துளைத்து, மின் இணைப்பின் லோடைக் கூட்டியிருப்பார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விட்டால் வழக்கு மன்றத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பு குறைவு.

கேள்வி-பதில் உரையாடலில் 'லாபம் தராத கடைகளை மூடுவோம்', 'கடை வலையமைப்பைச் சீராக்குவோம்' என்று நிர்வாகம் சொல்வது கட்டட உரிமையாளருக்கு நேராகச் சொன்ன தகவல். எந்த ஊர் என்று கம்பெனி சொல்லாது. ஊர்வாரி விற்பனையை அவை வெளியிடுவதில்லை. அப்படி ஒரு வரி வந்தால் கட்டடக்காரர் அன்றே ஒப்பந்தத்தை எடுத்து லாக்-இன் முடியும் தேதி, நோட்டீஸ் மாதங்கள், முன்பணத்தில் எதைக் கழிக்கலாம், இடித்ததைத் திரும்பக் கட்டித்தரும் பொறுப்பு யாருடையது என்ற நாலு விவரத்தையும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அடுத்த வாடகை உயர்வைப் பேசும் முன் இது கையில் இருந்தாக வேண்டும்.